ஒளியால் மறையும் வானம்

நுழையும்முன்

கடலோடிகளுக்கு வானமே வரைபடமாக இருந்த காலம் உண்டு. இன்று அப்பணியைச் செயற்கைக்கோள்கள் ஏற்றிருக்கின்றன. ஏவுதளத்திற்கு மிக அருகில் வாழும் வடசென்னை மக்களுக்கு இரவு வானம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? அதை மீட்பது தேவைதானா? இவ்வினாக்களை முன்வைத்து எழுதப்பட்ட கருத்துக் கட்டுரை இது.

வடக்கே மூன்று

திருவொற்றியூர்க் கடற்கரையில் இரவு எட்டு மணிக்கு வடக்கு நோக்கி நிற்பவருக்கு மூன்று பொருள்கள் ஒரே திசையில் அமைகின்றன. முதலாவது, கண்ணை நிறைப்பது: எண்ணூர்க் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் விளக்குகள் அடிவானில் எழுப்பும் வெளிறிய ஒளித்திரை. இரண்டாவது, கண்ணுக்கு எட்டாதது: நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். வானம் தெளிந்திருக்கும் நாளில் ஏவூர்தி புறப்பட்டால் அதன் தீச்சுவட்டை இக்கரையிலிருந்தே காணலாம். மூன்றாவது, தேடினால் மட்டும் கிடைப்பது: துருவ விண்மீன்.

துருவ விண்மீன் வானிலேயே மிகுந்த ஒளியுடையது எனப் பலர் எண்ணுகின்றனர். அது இரண்டாம் தரத்து விண்மீன்தான். அதன் சிறப்பு ஒளியில் இல்லை, அசையாமையில் இருக்கிறது. புவியின் அச்சு நீளும் திசையில் அது நிற்பதால், மற்ற விண்மீன்கள் இரவெல்லாம் அதனைச் சுற்றி வருவதுபோல் தோன்றுகின்றன. இன்னொரு பயனும் உண்டு. அடிவானிலிருந்து அது எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே அவ்விடத்தின் அகலாங்கு. சென்னையில் 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகை. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். எண்ணூர்க் கரையில் முட்டியின் அடியை அடிவானத்தில் பொருத்திப் பிடித்தால், அதற்குச் சற்றே மேலே துருவ விண்மீன் நிற்கும். படகு தெற்கே செல்லச் செல்ல அது தாழும். கருவி எதுவுமின்றி, கையொன்றைக் கொண்டே கடலில் தாம் இருக்கும் இடத்தை மதிப்பிட உதவும் அறிவியல் இது.

அந்த 13 பாகை உயரம்தான் இன்று சிக்கலாகிவிட்டது. ஒளித்திரை அடிவானத்தை ஒட்டியே அடர்ந்திருக்கும். திசைகாட்டும் விண்மீன் நிற்கும் இடமும், துறைமுகங்களின் ஒளி படரும் இடமும் ஒன்றாகிவிட்டன.

போக்சன் தந்த அளவுகோல்

விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரிக்கும் வழக்கம் பழமையானது. அதற்குத் திட்டமான கணக்கு தந்தவர் நார்மன் போக்சன் என்னும் வானியலாளர். முதல் தரத்து விண்மீன் ஆறாம் தரத்து விண்மீனைவிட 100 மடங்கு ஒளியுடையது என 1856இல் அவர் வரையறுத்தார். ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு. எண் கூடினால் ஒளி குறையும். இந்தப் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்தின் வானியலாளராகப் பொறுப்பேற்று, 1891இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றினார். வந்த ஆண்டிலேயே சென்னை வானில் அவர் கண்டறிந்த சிறுகோளுக்கு 'ஆசியா' எனப் பெயர் சூட்டப்பட்டது.

அவருடைய அளவுகோலையே வடசென்னையின் மீது வைத்துப் பார்க்கலாம். விளக்கொளி படாத இடத்தில் இயல்பான பார்வையுடையவர் ஆறாம் தரம்வரை காண இயலும். ஒரே நேரத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்கள் கண்ணுக்குப் புலப்படும். பால்வீதி மண்டலம் வெண்புகைபோல் வானைக் கடந்து நீளும். பெருநகர ஒளியில் பார்வை மூன்றாம் தரத்தோடு நின்றுவிட்டால், எஞ்சுபவை நூற்றுக்கும் குறைவு.

நம் வீடுகளில் நாள்மீன்களின் பெயர்கள் நாள்தோறும் புழங்குகின்றன. பிறந்த நட்சத்திரம் எதுவென்று கேட்டால் குழந்தையும் சொல்லும். அதை வானில் காட்டச் சொன்னால் பெரியவர்களும் விழிப்பர். பெயர் சாதகத்தில் தங்கிவிட்டது, பொருள் வானோடு போய்விட்டது. ரோகிணி, திருவாதிரை, கேட்டை ஆகிய மூன்றும் செந்நிறம் கொண்ட ஒளிமிக்க விண்மீன்கள். வடசென்னையின் மொட்டைமாடியிலிருந்தும் அவற்றைக் காணலாம். திருவாதிரை நம் கதிரவனைப்போல் பல நூறு மடங்கு விட்டமுடைய செம்பெருமீன் என்பதை அறிந்து அதைப் பார்க்கும் பிள்ளைக்கு வானம் வேறாகத் தெரியும். ஆனால் ரேவதி? அது ஐந்தாம் தரத்தை ஒட்டிய மங்கலான விண்மீன். ரேவதி எனப் பெயர் பெற்ற பெண்கள் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ பேர் இருப்பர். தம் பெயருக்குரிய விண்மீனைத் தம் ஊரிலிருந்து அவர்கள் காண இயலாது.

இராயபுரத்துக் கடிகாரம்

விண்மீன்களைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்றும், பயனுள்ள வேலை வேறு என்றும் கருதுவோர்க்கு இப்பகுதியின் வரலாறே விடை தருகிறது.

வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வகம் அமைத்தார். கிழக்கிந்தியக் கும்பினி அதனை ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுடன் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. வணிகக் கும்பினி ஒன்று விண்மீன்களுக்காகப் பணம் செலவிட்டதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, கப்பல்கள். கடலில் நெட்டாங்கு அறியத் துல்லியமான நேரம் வேண்டும். புவி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. எனவே நேரத்தில் பிழை நேர்ந்தால் இடத்திலும் பிழை நேரும். குறித்த விண்மீன் ஒன்று உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்துத்தான் அக்காலத்தில் கடிகாரங்களைத் திருத்தினர்.

இவ்வாறு கணிக்கப்பட்ட சென்னை நேரம், கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன், நாட்டின் தொடர்வண்டிகள் சென்னை நேரத்தைக் கொண்டே இயங்கின. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் நடைமேடையில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் பார்த்த கடிகாரமும் அடிப்படையில் விண்மீனைக் கண்டு திருத்தப்பட்டதே.

அவ்வாய்வகத்தில் பணியாற்றிய தமிழகத்து வானியலாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன் ஒன்றை 1867இல் அவர் கண்டறிந்தார். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தபோது, பொதுமக்கள் அந்நிகழ்வைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். அறிவியலைத் தாய்மொழியில் எழுத முடியுமா என்று நாம் இன்றும் மேடைகளில் விவாதித்துக்கொண்டிருப்பது சற்று வியப்பாகவே இருக்கிறது.

விண்மீனை நோக்கும் செயற்கைக்கோள்

காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் இன்று இடங்காட்டும் கருவி உண்டு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலைகளை அது ஏற்று, ஒவ்வோர் அலையும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, படகின் இடத்தைச் சொல்லும். நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். ஆகவே அச்செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்து செல்கின்றன. நேரத்தைக் கொண்டு இடத்தை அறிதல் என்னும் நுங்கம்பாக்கத்து முறையே உயரம் மாறி வானேறியிருக்கிறது. இந்தியாவின் சொந்த இடங்காட்டு அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2016இல் அவ்வமைப்பு உருப்பெற்றது.

கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள்கள் அளந்து அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. புயலை நாள்கள் முன்பே விண்ணிலிருந்து காண்கிறோம். எனினும் காண்பது மட்டும் போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடல் சென்றிருந்தவர்களை எச்சரிக்கை சென்றடையவில்லை. கைப்பேசி அலை அவ்வளவு தொலைவு எட்டாது. அப்பெருந்துயருக்குப் பின்னரே, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் விரைவு பெற்றன. எனவே விண்வெளித் தொழில்நுட்பம் மீனவருக்குப் பகட்டன்று, உயிர்க்காப்பு.

இங்கே ஒரு கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. 'கருவி வந்த பின் விண்மீன் எதற்கு?' என்பர். அக்கருவியை வழிநடத்தும் செயற்கைக்கோளைக் கேட்டால் விடை கிடைக்கும். விண்வெளியில் மேல் கீழ் இல்லை. வடக்கு தெற்கு இல்லை. தன் அலைவாங்கி புவியை நோக்கியிருக்கிறதா, தன் தகடுகள் கதிரவனை நோக்கியிருக்கின்றனவா என்பதை ஒரு விண்கலம் எவ்வாறு அறியும்? அதன் உடலில் விண்மீன் உணரி என்னும் சிறு ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது விண்மீன்களைப் படமெடுத்து, நினைவகத்திலுள்ள விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு, கலம் எத்திசை நோக்கியிருக்கிறது என்று தீர்மானிக்கும். நிலவுக்கும் செவ்வாய்க்கும் சென்ற நம் கலங்களும் இவ்வாறே திசையறிந்தன. கட்டுமரத்தில் அமர்ந்து வானை நோக்கிய முதியவர் செய்ததும் இதுதான்: கண்டதை நினைவிலுள்ளதோடு ஒப்பிட்டார். விண்மீனைக் கைவிட்டுவிட்டுச் செயற்கைக்கோளைப் பற்றினோம் என்று நாம் நினைக்கிறோம்; செயற்கைக்கோளோ விண்மீனைக் கைவிடவில்லை.

இந்திய விண்வெளித் திட்டமும் நெய்தல் நிலத்திற்குக் கடன்பட்டது. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஆய்வு ஏவூர்தி புறப்பட்ட இடம், கேரளக் கடற்கரையின் தும்பா என்னும் மீனவர் ஊர். புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரையொட்டிச் செல்வதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய மகதலா மரியாள் தேவாலயம் அறிவியலாளர்களின் பணியிடமாயிற்று. ஏவூர்தியின் உறுப்பு மிதிவண்டியில் எடுத்துச் செல்லப்படும் ஒளிப்படத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அந்தப் பாதையின் இருபுறமும் இருந்த வீடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இன்றும் ஏவுதல் நாள்களில் பழவேற்காட்டு மீனவர்களிடம் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவிக்கப்படுகிறது. விண்வெளிக்காக ஒருநாள் வருவாயை விட்டுக்கொடுக்கும் மக்களுக்கு, அந்த விண்ணைக் காணும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை

இக்கருத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு நேர்மையானது. விடியுமுன் மீன் ஏலம் நடக்கும் காசிமேட்டிற்கு விளக்கு வேண்டும். சரக்குந்துகள் இடைவிடாது செல்லும் எண்ணூர் விரைவுச்சாலைக்கு வேண்டும். இரவுப்பணி முடித்துத் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு மிகவும் வேண்டும். இவற்றில் எதையும் அணைக்க வேண்டியதில்லை. வெளிச்சம் தரையில் விழ வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மேற்புறம் மூடப்படாத விளக்கு, மின்சாரத்தின் ஒரு பகுதியை எவருக்கும் பயனின்றி வானுக்கு அனுப்புகிறது. விளக்கின் மேல் ஒரு மூடி, ஒளிவிழும் கோணத்தில் ஒரு திருத்தம், வேலை நடக்காத முற்றத்தில் நள்ளிரவுக்குப் பின் ஒளிக்குறைப்பு: இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நிறமும் கவனிக்கத்தக்கது. சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி போய் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவ்வெண்மையில் நீல ஒளி மிகுதி. பகலில் வானை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல், இரவில் இந்த நீலத்தை வானெங்கும் பரப்புகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்.இ.டி.யை விட வேண்டியதில்லை. இளமஞ்சள் ஒளி தரும் வகையைத் தேர்ந்தால் போதும்.

மனிதரைத் தவிர வேறோர் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குஞ்சுகள், மணலிலிருந்து வெளிவந்ததும் ஒளிமிக்க திசையை நோக்கி நகரும். இயற்கையான இரவில் அத்திசை கடல். கரையோரச் சாலையில் விளக்கெரியும் இரவில் அவை சாலையை நோக்கி ஊர்கின்றன.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. நிலக்கரித் தூசும் சாம்பலும் படியும் ஊரில், எண்ணெய்க் கசிவால் கழிமுகம் கெடும் ஊரில், விண்மீனைப் பற்றிக் கவலைப்படுவது வசதி படைத்தோரின் ஆசையல்லவா? அல்ல என்பேன். வானை மறைப்பது விளக்கு மட்டுமன்று. காற்றில் மிதக்கும் தூசும் புகையும்தான் அந்த ஒளியைச் சிதறடித்துத் திரையாக்குகின்றன. விண்மீனை மறைக்கும் துகளே நுரையீரலுக்குள்ளும் செல்கிறது. ஒரே நாள்மீன் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று மாதந்தோறும் எண்ணிக் குறித்தால், அது செலவில்லாத ஒரு சுற்றுச்சூழல் பதிவேடு. இவ்வாறு பொதுமக்களே எண்ணிப் பதிவுசெய்யும் உலகளாவிய முயற்சிகள் பல ஆண்டுகளாக நடைபெறுகின்றன. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது என 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் மக்கள் மிகக் குறைவாக வாழும் மலையில் இருளைக் காப்பது எளிது. இலட்சக்கணக்கானோர் வாழும் தொழிற்பகுதியில் சில விண்மீன்களையாவது மீட்பதே கடினமான பணி. அதற்கே அறிவும் ஒத்துழைப்பும் மிகுதியாகத் தேவை. ஹான்லே அளவுக்கு எண்ணூர் இருள வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மூன்றாம் தரத்திலிருந்து நான்காம் தரத்திற்கு வானம் இறங்கினாலே கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் ஏறத்தாழ மும்மடங்காகும்.

பள்ளியின் பங்கு

வடசென்னை மாணவர்கள் வானைக் காணக் கோட்டூர்புரத்திலுள்ள கோளரங்கத்திற்குப் பேருந்தில் செல்கின்றனர். குவிமாடத்தில் ஒளிரும் அவ்வானம் அழகியது. எனினும் அது மாலைக்குள் முடிந்துவிடும் வானம். வானியல் பாடத்திற்கு ஓர் இரவு வகுப்பு வேண்டும். பருவத்திற்கு ஒருமுறையேனும், பெற்றோர் உடனிருக்க, பள்ளிக்கூரையிலோ கடற்கரையிலோ அது நடைபெற வேண்டும். மின்னாத வெண்புள்ளி கோள் என்றும், மின்னுவது விண்மீன் என்றும் எழுதி மதிப்பெண் பெறுவதைவிட, வியாழனையும் ரோகிணியையும் அடுத்தடுத்து நோக்கி அவ்வேறுபாட்டைக் கண்ணால் உணர்வது மேல். பட்டினப்பாலையின் காலத்திலேயே நாள்மீன் வேறு, கோள்மீன் வேறு எனப் பிரித்தறிந்த மொழி நம்முடையது. அப்பெருமையைப் பேசுவதற்கான தகுதி அவ்விரண்டையும் வானில் காட்டத் தெரிவதில் இருக்கிறது.

அவ்வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும் போதாது. மீன்பிடித் தொழிலில் மூத்தோரையும் அழைக்க வேண்டும். எந்த வெள்ளி எழுந்தால் எந்தக் காற்று, எது சாய்ந்தால் விடியல் எவ்வளவு தொலைவு என்று அறிந்தவர்கள் இக்கரையில் இன்னும் இருக்கின்றனர். கருவியோடு வளரும் இளையோருக்கு அப்பெயர்கள் தேவைப்படுவதில்லை. தேவைப்படாத சொல் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், தம் குடும்பத்திலும் தெருவிலும் வழங்கும் விண்மீன் பெயர்களையும் காற்றின் பெயர்களையும் கேட்டு எழுதித் தொகுத்தால், அது தமிழுக்கும் வானியலுக்கும் ஒருசேரக் கிடைக்கும் செல்வம்.

எங்கிருந்து தொடங்குவது? கார்த்திகைக் கூட்டத்திலிருந்து தொடங்கலாம். கார்த்திகைத் திங்களில் அந்தி மயங்கியதும் அது கிழக்கே கடலின்மேல் எழும். அம்மாதத்தில் மழைமேகம் சூழ்ந்திருக்கும். தீபத்தன்று முழுநிலவும் அதனருகில் நின்று மறைக்கும். தை பிறந்து வானம் தெளிந்த பின், நிலவில்லாத முன்னிரவில், அக்கூட்டம் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். ஒளித்திரை மிக மெலிந்திருக்கும் இடமும் அதுவே. கார்த்திகை மீன்கள் ஆறு. அவற்றுள் ஒளிமிக்கது மூன்றாம் தரத்தை ஒட்டியது. ஏனையவை மெல்ல மெல்ல மங்கி நான்காம் தரத்தைச் சற்றே கடப்பவை. கண்களை இருளுக்குக் கால்மணி நேரம் பழக்கிக்கொண்டு, இராயபுரத்தில் எத்தனை தெரிகின்றன, திருவொற்றியூரில் எத்தனை, எண்ணூரில் எத்தனை என்று எண்ணி, நாளும் நேரமும் இடமும் குறித்துப் பள்ளிப் பதிவேட்டில் எழுதி, அடுத்த தையிலும் அதே இடத்தில் நின்று எண்ணலாம்.